கருப்பு மண்ணில் கிடைத்த பக்கிள்கள்

எனக்கு முன்கோபம் அதிகம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் எங்கள் தீவு அருங்காட்சியகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். மற்ற நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சமாளிப்பதும் கண்ணாடிப் பெட்டிகளுக்குக் காவல் இருப்பதும்தான் என் பிழைப்பு. புதன்கிழமை பிற்பகல் மட்டும் என்னுடையது. அன்றைக்குத்தான், மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் கருவி வைத்துத் தேடும் டிடெக்டர்காரர்கள் வருவார்கள்.

சேற்றுப் பூட்ஸோடு வந்து, ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து, வயலில் கிடைத்ததை மேஜைமேல் கொட்டுவார்கள். ஐந்நூறு அறுநூறு வருஷத்துக்கு முன்பு ஆட்கள் உடுப்பில் மாட்டியிருந்த சில்லறைச் சாமான்கள் அவை. இடுப்பு வாரின் பக்கிள், வாரின் நுனியில் போடும் பூண், தோலில் பதிக்கும் சின்னச் சின்னப் பூ, மேலங்கியைச் சேர்த்துப் பிடிக்கும் ஊசி. தொலைத்தவன் அன்றைக்கு நாலு வசவு வைதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். இன்றைக்கு அது எனக்கு வேலை.

எடை போடுவேன். அளப்பேன். பக்கிளின் சட்டம் முட்டை வடிவமா, வில் வடிவமா, எட்டுப் போல இரட்டை வளையமா, முள் எங்கே உட்காருகிறது, தகடு உண்டா இல்லையா என்று பார்த்து ஒரு வகையில் சேர்ப்பேன். வகை தெரிந்தால் காலம் தெரியும். கடைசியில், எந்த வயலில் எந்த இடத்தில் கிடைத்தது என்று எண்களாக எழுதி வாங்குவேன். அதில் நான் ராட்சசி. "அந்த வேலிக்குப் பக்கத்துல" என்று எவனாவது சொன்னால் டப்பாவை மூடி அவன் கையிலேயே கொடுத்து அனுப்பிவிடுவேன்.

ரீனுஸ் வொண்டர்கெம் பதினைந்து வருஷமாக வருகிறவர். நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபத்தைந்து வயது. பேச்சில் மகா கஞ்சன். மற்றவர்கள் ஊரெல்லாம் சுற்றுவார்கள். இவர் ஒரே வயலைக் கட்டிக்கொண்டு அழுவார். கடலணைக்குக் கீழே பீட் கிழங்கு போடும் வயல் அது. அறுவடை முடிந்து உழுததும் இவர் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார். அந்த ஒரு வயலிலிருந்து மட்டும் எனக்கு இருநூற்றுப் பன்னிரண்டு உருப்படிகள் கொண்டுவந்து கொடுத்திருந்தார். எல்லாவற்றுக்கும் இடம் அடி பிசகாமல் எழுதியிருந்தது.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டை வைத்துத்தான் நான் ஓர் ஊரைக் கண்டுபிடித்தேன். வெல்லெகெர்கே. ஏறக்குறைய ஐந்நூறு வருஷத்துக்கு முன்பு கடல் கொண்ட ஊர். பழைய ஏடுகளில் பெயர் இருக்கிறது, ஆனால் எங்கே இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரே வயலில் இத்தனை உடுப்புச் சாமான்கள், அத்தனையும் ஊர் மூழ்குவதற்கு முந்தைய நூறு வருஷத்துக்குள் அடங்குபவை. வேறு என்ன வேண்டும்? அதிலும் முப்பத்தொரு பக்கிள்கள் முடிக்கப்படாதவை. வார்ப்புப் பிசிறு அப்படியே இருக்கிறது, அரம் படவில்லை. ஆக, அந்த ஊரில் பக்கிள் வார்க்கும் கொல்லன் ஒருவன் இருந்திருக்கிறான்! அந்த முப்பத்தொன்றிலும் ஒரே இடத்தில் மெல்லிய சாய்கோடு ஒன்று புடைத்திருந்தது. அவன் அழகுக்காகப் போட்ட கோடு என்று எழுதி, 'சாய்கோட்டு வகை' என்று ஒரு தனி வகையே உண்டாக்கினேன்.

பன்னிரண்டு வருஷ உழைப்பு. எனக்கு ஐம்பத்து நாலு வயது, இது என் முதல் புத்தகம். அடுத்த வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நான்காம் அத்தியாயம் முழுக்க வெல்லெகெர்கே. அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது அளவும் எடையும் போட்ட பட்டியல்தான். அதை நானும் இன்னும் ஆறு பேரும் படிப்போம். ஊராட்சி வேறு அந்த வயலோரம் ஊர்ப் பெயரைப் பொறித்து ஒரு கல் நடுவதாகச் சொல்லியிருந்தது. நான் தரையில் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை ஹெட்விக் வந்தாள். ஸ்கெல்டர்டாம் நகர அருங்காட்சியகத்தில் என் வேலையை அவள் செய்கிறாள். முப்பது வருஷச் சிநேகிதி. அச்சுக்கு முன்னால் ஒருமுறை பார்த்துச் சொல் என்று நான்தான் நான்காம் அத்தியாயத்தை அவளுக்கு அனுப்பியிருந்தேன். பையிலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"கோவிச்சுக்கக் கூடாது. முதல்ல காப்பி போடு. அப்புறம் பிரிக்கிறேன்."

காப்பியா முக்கியம்? நானே பிரித்தேன். உள்ளங்கை அளவுக் கல், பக்கிள் வார்க்கும் அச்சின் ஒரு பாதி. அவள் ஊரில் பழைய கால்வாயின் அடிமண்ணிலிருந்து போன வருஷம் எடுத்ததாம். நான் என் தட்டிலிருந்து ஒரு பக்கிளை எடுத்து அந்தக் குழிவில் வைத்தேன். அது போய் உட்கார்ந்தது. இன்னொன்றை வைத்தேன். அதுவும் உட்கார்ந்தது. அச்சு வெட்டியவனுக்குக் கத்தி வழுக்கியிருக்கிறது. கல்லில் ஓரமாக ஒரு கீறல், சாய்வாக.

"இதுதானே உன் சாய்கோட்டு வகை?" என்றாள் ஹெட்விக்.

பன்னிரண்டு வருஷமாக ஒருவன் கை வழுக்கியதற்கு நான் வகை எண் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"அந்தக் கொல்லன் உங்க ஊருலேருந்து எங்க ஊருக்குக் குடிவந்திருக்கலாமில்ல?"

"வரலாமே. அச்ச அங்க போட்டுட்டு, வார்த்துக் கழிச்ச குப்பைய மட்டும் மூட்டை கட்டித் தூக்கிட்டு வந்தானாக்கும்?"

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். நிதானமாக எடுத்துச் சொன்னாள். 1953-இல் கடல் அணையை உடைத்துக்கொண்டு எங்கள் தீவுக்குள் வந்ததே, அதற்கு அடுத்த வருஷம், ஸ்கெல்டர்டாமில் அந்தக் கால்வாயைப் பாதி தூர்வாரினார்கள். நூற்றாண்டுக் கணக்கில் நகரத்துக் குப்பையெல்லாம் விழுந்து ஊறிய சேறு அது. அந்தச் சேறு எங்கே போனது என்று அவள் நகராட்சிக் காகிதங்களில் தேடியிருக்கிறாள். படகில் ஏற்றி எங்கள் தீவுக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். அணை உடைந்த இடத்தில் வெள்ளம் தோண்டிவிட்டுப் போன குழியை நிரப்புவதற்காக.

"எந்தக் குழின்னு போட்டிருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல. உங்க தீவுன்னு மட்டும்தான். ஆனா இந்த அச்சுல வார்த்தது எந்த வயல்ல கிடைக்குதுன்னு உனக்கே தெரியுமே."

அவள் போனபிறகு அந்த முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாக அச்சில் வைத்துப் பார்த்தேன். ஒன்றாவது உட்காராதா என்று ஆசை. எல்லாம் உட்கார்ந்தன. தீர விசாரிப்பதே மெய் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், மண் எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. அவமானம் அப்படியே கோபமாகத் திரும்பியது. ரீனுஸ் அந்த அணையடியில் பிறந்து வளர்ந்த மனுஷன். படகு வந்தபோது ஒன்பது வயதுப் பிள்ளை. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

மறுநாள் காலை எதிர்காற்றில் சைக்கிளை மிதித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நீரேற்று நிலையத்தை ஒட்டிய வரிசையில் கடைசி வீடு. வழியெல்லாம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து, உள்ளே போய்க் காப்பி ஊற்றினார். தட்டில் ஒரு போலுஸ் ரொட்டியும் வைத்தார். பட்டையும் சர்க்கரைப்பாகும் போட்ட அந்த ரொட்டி விரலில் ஒட்டாமல் சாப்பிட முடியாது. நான் உட்காரவில்லை.

"அந்த வயல்ல ஐம்பத்து நாலுல மண்ணு கொட்டினாங்களா, ரீனுஸ்?"

அவர் பால் குவளையைக் கீழே வைத்தார். "கொட்டினாங்க. ரெண்டு மாசம், படகு படகா. நாத்தம் தாங்கல."

"பதினஞ்சு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க?"

"நீங்க கேட்டது எங்க கிடைச்சதுன்னு. அதுல ஒரு அடிகூட நான் மாத்திச் சொல்லல."

உண்மைதான். நான் அச்சடித்து வைத்திருக்கும் படிவத்தில் அதைத்தான் கேட்கிறேன். அந்த இடத்துக்கு அது எப்படி வந்தது என்று கேட்கவே இல்லை. ஆனாலும் நான் விடவில்லை. என் புத்தகம், என் பன்னிரண்டு வருஷம், நடப்போகிற கல், எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டீர்களே என்றேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கியபோது மெல்லச் சொன்னார்.

"ஒருதடவை சொல்லப் பாத்தேன். இங்க மட்டும் மண்ணு கருப்பா இருக்குதேன்னு ஆரம்பிச்சேன். நீங்க அரைமணி நேரம் பேசுனீங்க."

எனக்கு ஞாபகம் வந்தது. கருப்பு மண் என்றால் சாம்பல், சாணி, அடுப்படிக் கழிவு. ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த இடத்தில்தான் மண் கருப்பாகும் என்று அவருக்கு விளக்கினேன். வெல்லெகெர்கே என்ற பெயரையே முதன்முதலில் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னேன். அவர் வாயைத் திறந்த இடத்தில் நான் ஓர் ஊரையே கட்டி முடித்திருக்கிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாத்ததில்ல. அப்புறம் எப்படிச் சொல்றது?" என்றார்.

அது பாதிக் காரணம்தான் என்று அவரே சொன்னார். அந்த வயல்காரன் யாரையும் வயலில் இறங்க விடமாட்டான். இது முக்கியமான இடம், ரீனுஸ் வொண்டர்கெம் தேட அனுமதி தாருங்கள் என்று அருங்காட்சியகம் வருஷா வருஷம் கடிதம் கொடுத்ததால்தான் இவரை விட்டான். நகரத்துச் சேறு என்று தெரிந்தால் கடிதம் ஏது? அனுமதி ஏது?

எனக்குப் புரியவில்லை. பக்கிள் தேட வேறு வயலா கிடைக்காது? அதையே கேட்டேன்.

"பக்கிள் தேடி நான் போகல, யாக்கோமினா."

பிறகு அவர் பேசினார். இந்தப் பதினைந்து வருஷத்தில் மொத்தமாகப் பேசியதைவிட அந்தக் கால்மணி நேரத்தில் அதிகம் பேசினார். அந்த வயலில் அவர்கள் வீடு இருந்தது. அணைக்கு நேர் கீழே, தனி வீடு, அக்கம்பக்கம் யாரும் இல்லை. கடல் வந்தது சனிக்கிழமை ராத்திரி. அணை அந்த வீட்டுக்கு நேராகத்தான் உடைந்தது. அம்மா இவரை இழுத்துக்கொண்டு கொட்டகைக் கூரையில் ஏறினாள். குதிரையை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று அப்பா திரும்பிப் போனார். விடிந்து பார்த்தால் வீடு இருந்த இடத்தில் தண்ணீர். தண்ணீர் வடிந்த பிறகு ஆறு ஆள் ஆழத்துக்குக் குழி. அந்தக் குழியில்தான் படகுச் சேற்றைக் கொட்டி மூடினார்கள். அப்பாவின் உடல் கிடைக்கவில்லை. அம்மா சாகும்வரை அந்த வீட்டைப் பற்றிப் பேசியதில்லை, பேச விட்டதும் இல்லை. ஓய்வு பெற்ற அன்றைக்கு இவர் போய் ஒரு டிடெக்டர் வாங்கினார்.

எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே பஞ்சு, பஞ்சின்மேல் ஒரு வெள்ளி வில்லை. எங்கள் தீவு ஆண்கள் அந்தக் காலத்தில் கால்சட்டையின் முன்பக்கம் ஜோடியாக மாட்டிக்கொள்வார்களே, அதில் ஒன்று. பின்பக்கம் கொக்கி வளைந்திருந்தது. மண் எல்லாம் துடைத்துத் துடைத்துப் போயிருந்தது.

"குழியோட ஓரத்துல கிடைச்சது. ஒம்பது வருஷமாச்சு. அப்பாகிட்ட வில்லை இருந்துச்சு, அது தெரியும். எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இல்ல. இது எங்க வீட்டுதா, இல்ல அந்தச் சேத்தோட படகுல வந்ததா? உங்களுக்குப் பாத்தா தெரியும்னு எனக்குத் தெரியும். ஆனா கேட்டா சேத்தப் பத்திச் சொல்லணும்."

ஒன்பது வருஷம். ஒவ்வொரு புதன்கிழமையும் என் எதிரே உட்கார்ந்து, உப்புப் பெறாத பூண்களுக்கெல்லாம் நான் காலம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, இந்த ஒன்றை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

ஆமாம், உங்கள் வீட்டுதுதான் என்று சட்டென்று சொல்லிவிடலாம் போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் வேறு எதுவும் சொல்ல வராது. ஆனால் வெல்லெகெர்கேக்கும் நான் இப்படித்தான், ஆசைப்பட்டு, ஆமாம் போட்டேன். பையிலிருந்து லென்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் முத்திரையைத் தேடினேன். வெள்ளிச் சாமானில் செய்த வருஷத்துக்கு ஓர் எழுத்துக் குத்தியிருப்பார்கள். அது கிடைத்தால் அவர் பெற்றோரின் கல்யாண வருஷத்தோடு ஒத்துப் பார்க்கலாம். இந்த வில்லைகளைக் கல்யாணத்துக்குத்தான் வாங்குவார்கள். எழுத்து இருந்த இடம் தெரிந்தது, எழுத்து தேய்ந்து மழுங்கியிருந்தது. சாய்த்துப் பார்த்தேன், மூச்சு விட்டுப் பார்த்தேன், பென்சில் தூளைத் தேய்த்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பிறகு அளவு, விளிம்பு, நடுவில் இருந்த பூ. எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்தபிறகுதான் திரும்பினேன்.

"வருஷ எழுத்து போயிடுச்சு, ரீனுஸ். யாரோடதுன்னு என்னால சொல்ல முடியாது. பொய் சொல்ல மாட்டேன்."

அவர் தலையாட்டினார்.

"ஆனா இது ஸ்கெல்டர்டாம்லேருந்து வந்ததில்ல. நகரத்துல எவனும் இதைப் போட்டதே கிடையாது. விளிம்புல கயிறு மாதிரி முறுக்கு இருக்கு பாருங்க, அது நம்ம தீவுல மட்டும்தான். பக்கத்துத் தீவுல பல்லு பல்லா இருக்கும். நடுவுல பூ. கத்தோலிக்கர்னா இதயம் போட்டிருப்பாங்க. இது நம்ம புராட்டஸ்டன்ட் சபைக்காரங்க வில்லை. போன நூற்றாண்டுல, வெள்ளத்துக்கு முன்னால செஞ்சது."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அணையும் அதன் கீழே உழுத வயலும் தெரிந்தன. படகுச் சேற்றைக் கொட்டிய கூலியாள் யாராவது, பிற்பாடு ஏர் ஓட்டிய யாராவது தவறவிட்டிருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று நான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் கேட்டார்.

"இது ஞாயித்துக்கிழமை உடுப்புக்குப் போடறது இல்ல?"

"ஆமா. கோயிலுக்குப் போறப்ப மட்டும்."

"ஞாயித்துக்கிழமை நம்ம சபையில எவன் வயல்ல கால் வைப்பான்?"

ஒருவனும் வைக்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்தினாலே பாதிரியார் வீட்டுக்கு வந்துவிடுவார். இருநூறு வில்லை பார்த்தவள் நான், இது எனக்குத் தோன்றவில்லை. சனிக்கிழமை சாயங்காலமே மறுநாள் உடுப்பை எடுத்து நாற்காலியில் மடித்து வைத்துவிடுவார்கள், வில்லை வார் எல்லாம் மாட்டி. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

"நாற்காலி மேல இருந்திருக்கு," என்றார். "அந்த வயல்ல ஒரே ஒரு வீடுதான், யாக்கோமினா."

அவர் அழுதார். சத்தமில்லாமல், நின்றபடியே, கையைக்கூடப் பிரிக்காமல். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. வில்லையை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்கள் புத்தகம் என்ன ஆகும் என்று கேட்டார். நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிடுவேன், கல் நட வேண்டாம் என்று ஊராட்சிக்கும் எழுத வேண்டும் என்றேன். சொல்லும்போது வலித்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். வயல்காரனிடம் உங்களுக்காக நானே போய்ப் பேசுகிறேன் என்றும் சொன்னேன்.

"வேண்டாம். இனிமே அங்க எனக்கு வேலை இல்ல," என்றார்.

ஆறிப்போன காப்பியைக் குடித்தோம். இத்தனை வருஷத்தில் ஆயிரக்கணக்கான பக்கிள்களைக் கையில் எடுத்திருக்கிறேன், அவற்றைப் போட்டிருந்தவன் யார் என்று ஒரு தடவைகூடக் கேட்க முடிந்ததில்லை. கேட்டால் சொல்ல யார் இருக்கிறார்கள்?

"அப்பா பேரு என்ன, ரீனுஸ்?"

"லீவன்," என்றார். "லீவன் வொண்டர்கெம். முப்பத்தொம்பது வயசு."